கோடையில் புல்... குளிரில் பனி! பாஸ்டன் தோட்டத் தொழிலாளர்களின் இரட்டை சீசன் கணக்கு

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். விடிவதற்கு முன்பே மஞ்சள் விளக்கு சுழல, ஒரு பிக்கப் டிரக் தெருவுக்குள் நுழையும். அதன் முன்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. அந்தத் தகட்டைத் தரையோடு இறக்கி, வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும் பனியை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வண்டியை ஓட்டி வந்தவர் யார்? பல வீடுகளில், ஜூலை மாதம் அதே வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்தான்!

கோடையில் புல், குளிரில் பனி. ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே வாடிக்கையாளர். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்று தோன்றும். ஆனால், இந்தத் தொழிலில் நிலைத்தவர்களும் உண்டு. ஒரே குளிர்காலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், பெரும்பாலும் பனி விழுவதற்கு முன்பே போட்ட கணக்கில்தான் இருக்கிறது.

நவம்பரில் நிற்கும் வருமானம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது மாசசூசெட்ஸ் மாநிலம். பாஸ்டன்தான் அதன் தலைநகரம். இங்கே புல் வளர்வது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். நவம்பரில் மரங்களெல்லாம் இலை உதிர்த்து முடித்துவிடும். கடைசி இலைக்குவியலை அள்ளிப் போட்டதும், புல்வெட்டும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, பெட்ரோலை வடித்து, கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த புல்லைப் பார்க்க நான்கைந்து மாதங்கள் ஆகும்.

வருமானம் நின்றுவிடும். ஆனால் வண்டிக் கடனுக்கான மாதத் தவணை நிற்காது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் நிற்காது. வீட்டு வாடகையும் நிற்காது.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. நன்றாக வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை நான்கு மாதங்கள் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா? அவர் வேறு வேலை தேடிப் போவார். போனவர் ஏப்ரலில் திரும்பி வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புதிய ஆளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோடையில் தோட்ட வேலைக்காக ஹெச்-2பி என்ற தற்காலிக விசாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைக்கும் நிறுவனங்களும் நிறைய உண்டு. அந்த விசாவுக்கு ஆண்டுக்கு 66,000 என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. சீசன் முடிந்ததும் அவர்களில் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். மிச்சமிருக்கும் உள்ளூர் ஆட்களையும் இழந்துவிட்டால், அடுத்த கோடையில் வண்டியை எடுக்கவே ஆள் இருக்காது.

ஆகவேதான் பலருக்குப் பனி அள்ளும் வேலை என்பது கூடுதல் லாபத்துக்கான வழி மட்டும் அல்ல. ஆட்களைக் கையில் வைத்துக்கொள்ளும் வழியும் அதுதான்.

இயந்திரக் கம்பெனியே போட்ட கணக்கு

இந்த 'இரட்டை சீசன்' யோசனை சின்னத் தொழில்காரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. மின்னசோட்டா மாநிலத்தின் டோரோ நிறுவனம் புல்வெட்டும் இயந்திரங்களுக்குப் பெயர்போனது. 1914-ல் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனம் 2014 நவம்பரில், டிரக்கின் முன்னால் மாட்டும் பனித்தகடுகளைத் தயாரிக்கும் பாஸ் என்ற நிறுவனத்தைச் சுமார் 23 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கோடையில் புல்வெட்டும் இயந்திரம் வாங்கும் தோட்டத் தொழில்காரர்தான், குளிர்காலத்தில் பனித்தகடும் வாங்குகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தேவைக்கும் குறைவில்லை. பாஸ்டன் நகரத்தில் பனி நின்ற 3 மணி நேரத்துக்குள் தன் இடத்தை ஒட்டிய நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. இரவில் பெய்திருந்தால், சூரியன் உதித்த 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தவறினால் அபராதம். கடைகள், மருத்துவமனைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என எல்லாருக்கும் காலையில் பார்க்கிங் சுத்தமாக இருந்தாக வேண்டும். மண்வெட்டியால் பனியை அள்ளப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள் பற்றிய செய்தி அங்கே குளிர்காலம்தோறும் வரும். அதனால் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ஆள் வைத்துத்தான் செய்வார்கள்.

தேவை இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார். அப்புறம் என்ன சிக்கல்? வானம்தான்!

9 அங்குலமும் 110 அங்குலமும்

நம் ஊருக்கு வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருவதுபோல, பாஸ்டனுக்குப் பெரும்பனியைக் கொண்டுவருவதும் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுதான். 'நார்ஈஸ்டர்' என்று அந்தப் புயல்களை அழைக்கிறார்கள். கடலோரமாக மேலேறி வரும் புயல் சற்று உள்ளே தள்ளி வந்தால் மழை. சற்று வெளியே போனால் ஒன்றுமில்லை. சரியான தூரத்தில் வந்தால் ஒரே இரவில் 2 அடி பனி.

பாஸ்டனில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாகச் சுமார் 4 அடி பனி விழும். ஆனால் சராசரி யாருக்கும் சோறு போடுவதில்லை. 2011-12 குளிர்காலத்தில் அங்கே விழுந்த மொத்தப் பனி 9.3 அங்குலம் மட்டுமே. ஒரு சாணை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! தகடு வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு, வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுக்கும் வேலைகூட அதிகம் இல்லை.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2014-15 குளிர்காலத்தில் விழுந்தது 110.6 அங்குலம். 9 அடிக்கும் மேல்! பதிவேடுகளில் அதுவரை இல்லாத அளவு. அதிலும் ஜனவரி கடைசியில் தொடங்கி மூன்று வாரங்களுக்குள் நான்கு பெரிய புயல்கள். பிப்ரவரியில் மட்டும் ஏறத்தாழ 65 அங்குலம். ரயில்கள் நின்றன. தள்ளிய பனியைக் கொட்ட இடமில்லாமல், காலி மனைகளுக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் மலைபோல் குவித்தார்கள். அப்படிக் குவித்த மேடு ஒன்று முழுவதுமாகக் கரைந்து முடிந்தது எப்போது தெரியுமா? ஜூலை 14-ம் தேதி! கோடை வெயிலில் மக்கள் அரைக்கால் சட்டையோடு நடந்துகொண்டிருந்த நாள்.

பெய்தும் கெடுக்கும், பெய்யாமலும் கெடுக்கும் என்று மழையைச் சொல்வார்கள். பனிக்கும் அது அப்படியே பொருந்தும். யாரை எந்த ஆண்டு கெடுக்கிறது என்பதைத் தீர்மானிப்பது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

தடவைக் கூலியா... சீசன் கூலியா?

பனி அள்ளும் தொழிலில் இரண்டு விதமாகக் கூலி பேசுவார்கள். ஒன்று, ஒவ்வொரு முறை வந்து தள்ளுவதற்கும் இவ்வளவு. வழக்கமாக 2 அங்குலம் விழுந்ததும் வண்டி வர வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். இன்னொன்று, எத்தனை முறை விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, மொத்த சீசனுக்கும் சேர்த்து ஒரே தொகை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கடையின் பார்க்கிங்கை ஒரு முறை தள்ள 200 டாலர். அல்லது மொத்த சீசனுக்கும் 3,000 டாலர். 15 முறை தள்ள வேண்டிவந்தால் இரண்டும் ஒன்றுதான்.

பனி குறைந்து 5 முறைதான் தள்ள வேண்டியிருந்தது என்று வையுங்கள். தடவைக் கூலிக்காரருக்குக் கிடைப்பது 1,000 டாலர். அது தகட்டுக்கான தவணைக்கே போதாது. சீசன் கூலிக்காரரோ 3,000 டாலரை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்.

பனி கொட்டித் தீர்த்து 35 முறை தள்ள வேண்டிவந்தால்? தடவைக் கூலிக்காரர் கையில் 7,000 டாலர். சீசன் கூலிக்காரருக்கு அதே 3,000 டாலர்தான். அதாவது ஒரு முறைக்கு 86 டாலர்கூட இல்லை. டீசல், ஓட்டுநர் கூலி, உப்பு எல்லாம் போக, ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் கைக்காசு கரையும். 'முடியாது' என்று நிறுத்தவும் வழியில்லை, ஒப்பந்தம் இருக்கிறது.

அனுபவசாலிகள் இரண்டையும் கலந்துதான் வைத்துக்கொள்வார்கள். பாதி வாடிக்கையாளர்கள் சீசன் தொகையில், பாதிப் பேர் தடவைக் கூலியில். பனி குறைந்த ஆண்டில் முதல் பாதி காப்பாற்றும். கூடிய ஆண்டில் இரண்டாம் பாதி ஈடுகட்டும். சீசன் ஒப்பந்தத்திலும் ஒரு வரம்பு எழுதிக்கொள்வார்கள்: இத்தனை அங்குலம் வரைக்கும்தான் இந்தத் தொகை, அதைத் தாண்டினால் அங்குலத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர்களுக்குத்தான் 2015 பிப்ரவரி போன்ற ஒரு மாதம் தீராக் கடனாக மாறும்.

வழுக்கியது வாடிக்கையாளர்... வழக்கு பனி தள்ளியவர் மேல்!

புல்லை ஒரு வாரம் தாமதமாக வெட்டினால் யாரும் விழுந்து அடிபட மாட்டார்கள். பனி அப்படியல்ல.

2002 டிசம்பரில், பாஸ்டனுக்கு வடக்கே டான்வர்ஸ் என்ற ஊரில், ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் ஒருவர் உறைபனியில் வழுக்கி விழுந்தார். தள்ளிக் குவித்திருந்த பனியிலிருந்து விழுந்த கட்டியோ, அந்தக் குவியல் உருகி வழிந்து மறுபடி உறைந்த படலமோதான் காரணம். அவர் வழக்குப் போட்டது கடையின் மீது மட்டுமல்ல, அங்கே பனி அள்ளும் ஒப்பந்தம் எடுத்திருந்த தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தின் மீதும்தான்.

அதுவரை மாசசூசெட்ஸில் இருந்த நடைமுறையே வேறு. இயற்கையாக விழுந்த பனிக்கு இடத்தின் உரிமையாளர் பொறுப்பல்ல என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. கீழ் நீதிமன்றங்கள் அந்த அடிப்படையில்தான் வழக்கை முடித்து வைத்தன. ஆனால் 2010 ஜூலையில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இயற்கையாக விழுந்த பனி, மனிதர் குவித்த பனி என்ற பாகுபாடு இனி கிடையாது. தரையில் இருக்கும் மற்ற ஆபத்துகளைப்போலவே பனி விஷயத்திலும் உரிமையாளர் நியாயமான கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

தீர்ப்பு உரிமையாளர்களைப் பற்றியது. ஆனால் உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? 'யாராவது விழுந்தால் நீதான் பொறுப்பு' என்று பனி அள்ளுபவரின் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இது நியாயமல்ல என்று குரல் எழுந்து, இல்லினாய் மாநிலத்தில் அப்படிப்பட்ட ஷரத்துகளைச் செல்லாது என்று ஆக்கும் சட்டமே 2016-ல் வந்தது. எல்லா மாநிலங்களிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதனால்தான் பனியை எங்கே குவிப்பது என்பது இவர்களுக்கு முக்கியமான கேள்வி. மேட்டில் குவித்தால் பகலில் உருகும் தண்ணீர் பார்க்கிங் முழுக்க ஓடி, இரவில் கண்ணாடிபோல் உறையும். காலையில் முதலில் வருபவர் அதன் மேல்தான் கால் வைப்பார். தண்ணீர் வடிகாலுக்குப் போகும் தாழ்வான பக்கத்தில் குவித்தால் அந்த ஆபத்து குறையும். இரண்டு இடங்களுக்கும் நடுவே இருபது அடி தூரம்தான் இருக்கும்; பின்னாளில் ஒரு வழக்கு வருமா வராதா என்பதே அதில் அடங்கியிருக்கலாம்.

கல் உப்பிலும் கணக்கு உண்டு

தகடு தள்ளிய பிறகும் தரையோடு ஒட்டிய மெல்லிய படலம் மிச்சமிருக்கும். அதை உருக்கத்தான் கல் உப்பு தூவுகிறார்கள். உப்பு கலந்தால் தண்ணீர் உறையும் வெப்பநிலை இறங்கும், பனிக்கட்டி இளகும். ஆனால் குளிர் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு போன்ற விலை கூடிய உப்பு வேண்டும்.

வழக்குக்குப் பயந்து பலர் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். அது உருகிய தண்ணீரோடு ஓடி, ஓடைகளையும் வீட்டுக் கிணறுகளையும் கெடுக்கிறது. ஓரத்துப் புல்லும் கருகும். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் இதற்கு ஒரு வழி கண்டது. அளவாக உப்பு தூவப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி, தூவிய அளவைக் குறித்து வைப்பவர்களுக்கு, வழுக்கி விழும் வழக்குகளில் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. பயம் குறைந்தால் உப்பும் குறையும் என்பதுதான் யோசனை.

அதிகாலை 2 மணி போன்

இந்தத் தொழிலில் நேரம் காலம் கிடையாது. கடை திறக்கும் முன் பார்க்கிங் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால், இரவு 2 மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் இரவானாலும் பிள்ளையின் பிறந்தநாளானாலும் வானம் பார்த்து வைப்பதுதான் நாள். புயல் 30 மணி நேரம் நீடித்தால், தள்ளிய இடத்தையே மறுபடி மறுபடி தள்ள வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் விளக்குக் கம்பத்திலும் நிறுத்தியிருக்கும் காரிலும் மோதுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, இருட்டில் வண்டிக்குப் பின்னால் நடந்து வரும் மனிதர்.

ஆகவே இரண்டு ஓட்டுநர்களை மாற்றி மாற்றி அனுப்பும் வசதி இல்லாதவர், எவ்வளவு பணம் வந்தாலும் இருபது முப்பது இடங்களை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பழகியவர்களின் பாடம்.

முதல் முறை இறங்குபவர்கள் கவனிப்பது என்ன?

* வண்டி தாங்குமா? பனித்தகடு ஒன்று 300 முதல் 400 கிலோ எடை இருக்கும். முன் அச்சு அதைத் தாங்க வேண்டும். பின்னால் மணல் மூட்டை போன்ற எடை வைத்தால்தான் சக்கரம் பிடிக்கும். முன்னும் பின்னுமாக ஓயாமல் ஓட்டுவதால் கியர் பெட்டிதான் முதலில் பழுதாகும்.

* இன்ஷூரன்ஸ் போதுமா? சொந்த உபயோகத்துக்கான வண்டி இன்ஷூரன்ஸ், கூலிக்குப் பனி தள்ளும்போது நடக்கும் விபத்துக்குப் பொதுவாக உதவாது. தோட்ட வேலைக்கு எடுத்த பாலிசியிலும் பனி வேலை விலக்கப்பட்டிருக்கலாம். பாலிசியைப் படித்த பிறகுதான் தகட்டுக்கு முன்பணம்.

* இடங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா? பனியில் 10 மைல் போவது, கோடையில் 30 மைல் போவதற்குச் சமம். கோடை வாடிக்கையாளர்களில் ஒரே பகுதியில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

* ஒப்பந்தம் எப்போது? வெயில் காலத்திலேயே பேசி, செப்டம்பர், அக்டோபருக்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். முதல் பனி விழுந்த பிறகு பேரம் பேசுவது இரு பக்கமும் அவசரக் கோலம்.

* ஆதாரம் இருக்கிறதா? தரை உறைவதற்கு முன்பே பாதை ஓரங்களிலும் குழாய்களின் பக்கத்திலும் பளிச்சென்ற நிறக் குச்சிகளை நட்டு, ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரக்கற்களைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வந்த நேரம், போன நேரம், தூவிய உப்பு எல்லாவற்றையும் போனில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தக் குறிப்புதான்.

* வண்டி நின்றுவிட்டால்? நடு இரவில் தகட்டின் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் கைகொடுக்க, வேறொரு தொழில்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

குறைந்துவரும் பனி

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பாஸ்டனில் 2022-23 குளிர்காலத்தில் விழுந்தது 12.4 அங்குலம். அடுத்த ஆண்டு 9.8 அங்குலம். அடுத்தடுத்து இரண்டு வறண்ட குளிர்காலங்கள்! அதற்காகப் பெரும்புயல் இனி வராது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 9.3 அங்குலத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் 110 வந்தது.

அதனால் விவரமானவர்கள் பனியை மட்டும் நம்பியிருப்பதில்லை. நவம்பரில் வீடுகளுக்கு கிறிஸ்துமஸ் விளக்குகள் கட்டுவது, மரங்கள் உறக்கத்தில் இருக்கும் மாதங்களில் கிளை வெட்டுவது, விறகு விற்பது என்று கூடவே சின்னச் சின்ன வேலைகளை வைத்துக்கொள்கிறார்கள். கோடை வாடிக்கையாளர்களிடம் ஏழு மாத வேலைக்கான தொகையைப் பன்னிரண்டு மாதத் தவணையாக வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. வானம் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும். பனியில் வருவதை அதன் மேல் கிடைக்கும் வரவாக எழுதிக்கொள்வார்கள்.

மார்ச் கடைசியில் பனி உருகி, தரை தெரியத் தொடங்கும். நட்டு வைத்த குச்சிகளைப் பிடுங்கிக் கட்டிவைக்க அதே ஆட்கள் அதே வீடுகளுக்கு வருவார்கள். இருட்டில் தகடு பட்டுப் பெயர்ந்த புல்தரை அங்கங்கே மண்ணாகத் தெரியும். அந்த இடங்களைக் கிளறி, விதை தூவி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். அடுத்த சில வாரங்களில் புல் முளைத்துவிடும். கொட்டகையில் இருக்கும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டிய நேரம் அது.